1954-இல் வந்த ஜப்பானிய ராட்சத மிருகப் படமான ‘காட்ஸில்லா’வின் உறுமலை எந்த மிருகத்திடமிருந்து எடுத்தார்கள்?

எந்த மிருகத்திடமிருந்தும் இல்லை. விலங்குக் குரல்களை முயன்று பார்த்தார்கள், சரிப்பட்டு வரவில்லை. அப்புறம் இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே டபுள் பாஸைக் கையில் எடுத்தார். வயலின் குடும்பத்திலேயே பெரிய வாத்தியம், ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். அதன் தந்தியைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்துத் தேய்த்தார்கள். பதிவான ஒலியை வேகம் குறைத்து ஓடவிட்டதும் உறுமல் தயார். வில்லுக்குப் பிசின் பூசுகிற அதே சங்கதிதான், கொஞ்சம் முரட்டுத்தனமாக.

இன்னொன்று: படத்தின் தொடக்கத்தில் 4, 5 என்று தாள எண்ணிக்கை மாறி மாறி விரட்டும் ஆர்கெஸ்ட்ரா இசை காட்ஸில்லாவுக்கானது என்றே பலரும் நினைக்கிறார்கள். படத்துக்குள் அது ஒலிப்பது காட்ஸில்லாவை எதிர்க்கும் படைகளுக்கு! பிந்தைய படங்களில்தான் மிருகத்தின் அடையாளமானது. எனக்கென்னவோ மிருகத்துக்குத்தான் அந்த இசை பொருந்துகிறது.