பெயர் யார் பெயரில் இருக்கிறது?

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி டொமைன், அதாவது இணையதளப் பெயர் விவகாரம். அதிலும் டாட் காம் இல்லை. டாட் இன், டாட் யூகே, டாட் ஏயூ என்று நாட்டுக் குறியீட்டில் முடிகிற பெயர்களை வாங்குவதும் விற்பதும் பற்றியவை. எல்லாவற்றையும் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். ஒருவர் பதினோரு பக்கம் எழுதியிருந்தார். கேள்வி கடைசி வரியில் இருந்தது.

போன வருஷம் ஒரு டாட் காம் பெயரை விற்றேன், சுலபமாக முடிந்தது. இப்போது விற்க வைத்திருப்பது டாட் யூகே. அதே வழிதானே?

இல்லை.

டாட் காம், டாட் நெட் வகையறாவுக்கு, உலக அளவில் டொமைன்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பு எழுதிய டிரான்ஸ்ஃபர் விதி இருக்கிறது. பெயரை விற்றுப் பதிந்து தரும் எந்தப் பதிவு நிறுவனத்திடம் வாங்கினாலும் அதுதான். நாட்டு டொமைனுக்கு அது செல்லாது. அங்கே அந்தந்த நாட்டு ரெஜிஸ்ட்ரி, அதாவது அந்தக் குறியீட்டின் மொத்தப் பதிவேட்டையும் வைத்திருக்கும் அமைப்பு, வைத்ததுதான் சட்டம். பெயரை வேறு நிறுவனத்துக்கு மாற்றக் கொடுக்கும் ரகசியக் குறியீடு ஆத் கோடு; ஜெர்மனியின் டாட் டிஇ-யில் வாங்கிய ஆத் கோடு 30 நாளில் காலாவதி. டாட் யூகே-யில் பல வருஷமாக இருந்துவந்த வழக்கத்தில் ஆத் கோடே கிடையாது. விற்பவருடைய பதிவு நிறுவனம் 'டாக்' என்ற குறியீட்டை மாற்றிவிட்டால் பெயர் அடுத்த நிறுவனத்துக்குப் போய்விடும். விற்பதற்கு முன் ரெஜிஸ்ட்ரியின் தளத்தில் இன்றைய விதி என்ன என்று பாருங்கள். போன வருஷத்து வீடியோவைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.

ஏலத்தில் ஒரு டாட் காம் டாட் ஏயூ பெயர் மலிவாகக் கிடைத்தது. பணம் கட்டியாயிற்று. இப்போது ஆஸ்திரேலியத் தொடர்புக்கு ஆதாரம் கேட்கிறார்கள். எனக்கும் அந்த நாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. யாரிடம் புகார் கொடுப்பது?

கண்ணாடி முன் நின்று கொடுங்கள்.

டாட் ஏயூ பெயர் வைத்திருக்க ஆஸ்திரேலியாவோடு தொடர்பு வேண்டும். இது ஏதோ மூலையில் பொடி எழுத்தில் ஒளித்து வைத்த விஷயம் இல்லை, விதியின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. கனடாவின் டாட் சிஏ, அமெரிக்காவின் டாட் யூஎஸ் இரண்டுக்கும் இப்படித் தகுதி உண்டு. ஜப்பானின் டாட் சிஓ டாட் ஜேபி-யில் ஒரு நிறுவனத்துக்கு ஒரே ஒரு பெயர்தான். இந்தியாவின் டாட் இன், கொலம்பியாவின் டாட் சிஓ போன்றவை எல்லோருக்கும் திறந்தவை. அந்தப் பழக்கத்தில் எல்லா நாடும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டீர்கள். ஏலத் தளம் விற்றதே என்று கேட்கிறீர்கள். ஏலத் தளம் உங்கள் தகுதியையா பார்க்கும்? கார்டைத்தான் பார்க்கும்.

விதிகள் இளகாமல் இல்லை. 2008 ஜூனுக்கு முன்னால் டாட் ஏயூ பெயரை இன்னொருவருக்கு விற்பதற்கே அனுமதி இல்லை. பிறகு விற்கலாம் என்று ஆனது. 2022 மார்ச் முதல் நடுவில் 'காம்' இல்லாமல் நேரடியாகவே டாட் ஏயூ பெயர் கொடுக்கிறார்கள். இத்தனை மாறியும் வாங்குபவருக்கு அந்த நாட்டுத் தொடர்பு வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. தகுதியுள்ள யாருக்காவது விற்றுக் கொடுக்க முடியுமா என்று பழைய உரிமையாளரிடமே கேட்டுப் பாருங்கள். பதிவு இன்னும் அவர் பெயரில்தான் இருக்கும்.

கடுமையாகப் பேசுகிறேன் என்றால் காரணம் உண்டு. நானும் இதே மாதிரி ஒரு நாட்டுப் பெயரை நள்ளிரவு ஏலத்தில் எடுத்தேன். தகுதி இல்லை என்று தெரிந்ததும் 'உள்ளூர் முகவரி' தரும் ஒரு நிறுவனத்தைப் பிடித்தேன். அவர்கள் தங்கள் பெயரில் பதிவு செய்து, எனக்காக வைத்திருப்பார்களாம். வருஷக் கட்டணம் டொமைன் கட்டணத்தைப் போல நாலு மடங்கு. மூன்றாம் வருஷம் ரெஜிஸ்ட்ரி ஆவணம் கேட்டது, நிறுவனத்திடமிருந்து பதில் இல்லை. நான் அனுப்பிய கடைசி மின்னஞ்சல், அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. பெயரும் போனது. அந்தப் பெயருக்காக அச்சடித்த முந்நூறு விசிட்டிங் கார்டுகளின் பின்பக்கத்தில்தான் இன்னும் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கைவினைப் பொருள் கடை நடத்துகிறேன். கடைக்குப் பொருத்தமான ஒரு நாட்டு டொமைனை ஒருவரிடம் காசு கொடுத்து வாங்கினேன். அவர் கோடு கொடுத்தார். என் பதிவு நிறுவனத்துக்கு டிரான்ஸ்ஃபர் செய்தேன். மூன்று வருஷமாக நான்தான் புதுப்பிக்கிறேன். இப்போது திடீரென்று அது தன்னுடையது என்கிறார். பதிவேட்டில் பார்த்தால் அவர் பெயர்தான் இருக்கிறது. நான் முட்டாளா?

இல்லை அம்மா. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். அவரோடு சேர்ந்து ஏமாற்றியது 'டிரான்ஸ்ஃபர்' என்ற சொல். அதன்மேல் எனக்குப் பல வருஷக் கோபம், கொட்டிவிடுகிறேன்.

இந்த ஒரே சொல்லை இரண்டு வேறு வேலைகளுக்கு வைத்திருக்கிறார்கள். ஒன்று, பெயரை ஒரு பதிவு நிறுவனத்திலிருந்து இன்னொரு பதிவு நிறுவனத்துக்கு மாற்றுவது. இன்னொன்று, பெயர் யாருக்குப் பதிவாகியிருக்கிறதோ அந்தப் பதிவுதாரரையே மாற்றுவது. முதலாவது, வாடகைக்கு இருப்பவர் வாடகையை எந்த வங்கியில் கட்டுவது என்று மாற்றிக்கொள்வது மாதிரி. இரண்டாவதுதான் பத்திரம். பல நாடுகளில் முதலாவது நடந்தால் இரண்டாவது தானாக நடக்காது. டாட் யூகே-யில் டாக் மாறினால் பதிவு நிறுவனம் மட்டும்தான் மாறும். பதிவுதாரர் பெயரை மாற்றுவது தனி வேலை. விற்கிறவர் கோடு கொடுக்கிறார், கோடு வேலை செய்கிறது, பெயர் உங்கள் கணக்கில் வந்து உட்கார்கிறது, பச்சை டிக் விழுகிறது. எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறீர்கள். பத்திரம் அவர் பெயரிலேயே இருக்கிறது.

இதை விற்பவர்களுக்குத் தெரியாது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். ஏல விளம்பரத்தில் 'உடனடி டிரான்ஸ்ஃபர்' என்று கொட்டை எழுத்தில் போடுபவர்கள், எந்த டிரான்ஸ்ஃபர் என்று ஒரு வார்த்தை கூடப் போடலாம். போட மாட்டார்கள். 2018 மே மாதம் ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்த பிறகு, பொதுவில் பார்க்கும் ஹூயிஸ் பதிவேட்டில் பதிவுதாரர்களின் பெயர்கள் பெரும்பாலும் மறைக்கப்பட்டுவிட்டன. நல்ல காரணத்துக்குத்தான். ஆனால் வாங்குபவர் எட்டிப் பார்த்து உறுதி செய்ய இருந்த ஒரே ஜன்னலும் அதோடு சாத்தப்பட்டது. அதனால் இப்போது கேட்டுத்தான் வாங்க வேண்டும்: பதிவுதாரர் பெயர் மாறிவிட்டது என்று ரெஜிஸ்ட்ரியிடமிருந்தோ பதிவு நிறுவனத்திடமிருந்தோ எழுத்தில் ஒரு உறுதி. அது வரும்வரை பணம் எஸ்க்ரோவில், அதாவது நடுவில் ஒருவர் கையில் இருக்கட்டும். அந்த நடுவரைத் தேர்ந்தெடுப்பது நீங்கள். விற்பவர் அனுப்பும் இணைப்பைத் தொடாதீர்கள். எஸ்க்ரோ என்ற பெயரிலேயே போலித் தளங்கள் இருக்கின்றன.

சரி, உங்கள் காரியம். பணம் கொடுத்த ரசீது, பேசிய மின்னஞ்சல்கள், மூன்று வருஷப் புதுப்பித்தல் பில், கடை அந்தப் பெயரில் நடந்ததற்கான படங்கள், எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். பதிவு நிறுவனத்துக்கு இன்றே எழுதி, உரிமைத் தகராறு இருக்கிறது, பெயரை வேறு யாருக்கும் மாற்ற வேண்டாம் என்று கேளுங்கள். அப்புறம் அந்த நாட்டு ரெஜிஸ்ட்ரிக்கு. டாட் இன்-க்கும் டாட் யூகே-க்கும் நீதிமன்றம் போகாமலே தீர்க்கும் நடைமுறை உண்டு. ஜெர்மனியில் 'டிஸ்ப்யூட்' என்று ஒரு குறி போடச் சொல்லலாம். அது இருக்கும்வரை பதிவுதாரர் பெயரை மூன்றாம் ஆளுக்குத் தள்ளிவிட முடியாது. இதுபோன்ற நடைமுறைகள் பெரும்பாலும் அந்தப் பெயரின்மேல் வணிக உரிமை யாருக்கு என்பதைத்தான் முதலில் பார்க்கும். மூன்று வருஷம் கடை நடத்தியது அங்கே உங்களுக்குக் கைகொடுக்கும். ரசீது இருந்தால் வழக்கறிஞரிடம் போகத் தயங்காதீர்கள்.

சீனாவிலிருந்து ஒரு பதிவு நிறுவனம் எழுதியிருக்கிறது. எங்கள் பிராண்ட் பெயரை டாட் சிஎன்-னில் பதிய யாரோ விண்ணப்பித்திருக்கிறார்களாம். ஏழு நாளில் நாங்களே வாங்கிக்கொள்ளாவிட்டால் அவர்களுக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

அப்படி யாருமே விண்ணப்பித்திருக்க மாட்டார்கள். பழைய தந்திரம் இது. பதிவு நிறுவனங்கள் ஒருவருக்குப் பெயர் கொடுக்குமுன் உலகத்தில் தேடிப் பிடித்து இன்னொருவரிடம் அனுமதி கேட்பதில்லை. அழித்துவிடுங்கள். அந்த நாட்டில் உண்மையிலேயே வியாபாரம் செய்கிறீர்கள் என்றால், அந்தப் பெயரை நீங்களாகவே வேறு நிறுவனத்தில் வாங்குங்கள்.

எங்கள் சிறிய மென்பொருள் நிறுவனத்துக்கு ஒரு டாட் ஐஓ பெயரைப் பெரிய தொகைக்கு வாங்கப் போகிறோம். அந்தத் தீவுகளே கைமாறப் போகின்றன என்கிறார்களே, பெயர் காணாமல் போய்விடுமா?

காரணமுள்ள கேள்வி. டாட் ஐஓ என்பது பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசத்தின் குறியீடு, அதாவது சாகோஸ் தீவுகள். அவற்றின் இறையாண்மையை மொரீஷியஸுக்குக் கொடுக்க 2025 மே 22 அன்று பிரிட்டன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. நாட்டு டொமைன் நிற்பது ஐஎஸ்ஓ 3166 என்ற நாட்டுக் குறியீட்டுப் பட்டியலின் மேல். அந்தப் பட்டியலிலிருந்து குறியீடு நீக்கப்பட்டால்தான் டொமைனை மூடும் பேச்சே வரும். அப்போதும் ஐகேன் விதிப்படி ஐந்து வருஷ அவகாசம் உண்டு, அதிகபட்சம் பத்து வருஷம் வரை நீட்டிக்கலாம். யூகோஸ்லாவியா என்ற பெயர் 2003-ல் போனது; அதன் டாட் யூயூ 2010 மார்ச் வரை இருந்தது. சோவியத் யூனியன் 1991-ல் கலைந்தது, டாட் எஸ்யூ அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஓடியிருக்கிறது.

ஆகவே நாளைக்கே போகாது. ஆனால் 'என்றென்றைக்கும்' என்கிற மாதிரி விலை கொடுக்காதீர்கள். என்னைக் கேட்டால், வரைபடத்தைவிட ஆட்சியில் இருப்பவர்களுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். 2010-ல் லிபியாவின் டாட் எல்ஒய் ரெஜிஸ்ட்ரி, இணைப்பைச் சுருக்கித் தரும் ஒரு தளத்தின் பெயரை, தங்கள் நாட்டுச் சட்டத்துக்கு ஒவ்வாத உள்ளடக்கம் என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டது.

இலவசமாகக் கிடைத்த டாட் ஜிஏ பெயரில் ஐந்து வருஷம் எழுதினேன். ஒருநாள் காலையில் இல்லை. இழப்பீடு கேட்கலாமா?

எதற்கு இழப்பீடு, கொடுக்காத காசுக்கா? 2023 ஜூனில் காபோன் நாடு தன் டொமைனைத் திரும்ப எடுத்துக்கொண்டபோது சுமார் 70 லட்சம் இலவசப் பெயர்கள் ஒரே வீச்சில் அழிந்தன. உங்களுடையது அதில் ஒன்று. எழுதியவை வேறு இடத்தில் இருந்தால் நிம்மதி.

லண்டனில் சிறிய மொழிபெயர்ப்பு நிறுவனம். டாட் இயூ பெயரில் ஒன்பது வருஷம் தொழில் செய்தோம். பிரெக்ஸிட் வந்தது, பெயரைப் பறித்துவிட்டார்கள். ஒழுங்காகப் பணம் கட்டியவர்களுக்கு இதுவா நியாயம்?

நியாயம் இல்லை. விதிப்படி சரி. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதுதான் வயிற்றெரிச்சல்.

டாட் இயூ வைத்திருக்க ஐரோப்பிய ஒன்றியத்தில் முகவரியோ குடியுரிமையோ வேண்டும். 2021 ஜனவரி 1 அன்று பிரிட்டனில் பதிவான சுமார் 80,000 பெயர்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. ஒரு வருஷம் கழித்து மற்றவர்கள் வாங்கத் திறந்துவிட்டார்கள். பங்குதாரர்களில் ஒருவர் ஒன்றியக் குடிமகனாக இருந்திருந்தால், 2019 அக்டோபரில் மாறிய விதிப்படி, பிரிட்டனில் இருந்துகொண்டே அவர் பெயருக்கு மாற்றிக் காப்பாற்றியிருக்கலாம். இதை அப்போது யாராவது உங்களுக்குத் தெளிவாகச் சொன்னார்களா என்பது வேறு கதை.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கலாம். பழைய பெயரில் இருந்த மின்னஞ்சலைக் கொண்டு எங்கெல்லாம் கணக்கு திறந்தீர்கள் என்று பாருங்கள்: வங்கி, வரி, வாடிக்கையாளர் தளங்கள். அந்தப் பெயரை இன்று வேறொருவர் வாங்கினால், 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று அழுத்தினால் போதும், கடிதம் அவருக்குப் போகும். இன்று ராத்திரியே மாற்றுங்கள்.

என் டாட் இன் பெயருக்கு நல்ல விலை சொல்லி ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சொல்லும் தளத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் மட்டும் வாங்கித் தரச் சொல்கிறார். கட்டணம் சிறியதுதான்.

அந்தச் சிறிய கட்டணம்தான் அவர் வியாபாரமே. சான்றிதழ் வாங்கிய அன்றோடு காணாமல் போய்விடுவார்.

தமிழ் எழுத்திலேயே நாட்டு டொமைன் வாங்க முடியுமா?

முடியும். டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் மூன்றும் தமிழ் எழுத்தில் இருக்கின்றன. தகுதி விதி மூன்றுக்கும் தனித்தனி, பார்த்துக்கொள்ளுங்கள். நான் முன்பு 'மழலை' என்ற பெயரை ஆங்கில எழுத்தில் வாங்கினேன். ழகரத்தை ஒருவர் ஒரு மாதிரி எழுத, வந்தவர்களில் பாதிப் பேர் வேறு எங்கோ போனார்கள். அதற்கு இது மேல்.

முதலீடாக எட்டு டாட் ஏஐ பெயர்கள் வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டு வருஷத்துக்குக் குறைந்து பதியவும் விடுவதில்லை. யாரும் கேட்கவில்லை. இன்னும் எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

டாட் ஏஐ-யில் நிச்சயமாகப் பணம் பார்த்தது அங்கியூலா தீவு அரசு. 2023-ல் அதன் வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்தப் பதிவுக் கட்டணங்களிலிருந்து வந்தது. உங்கள் எட்டு, என் பதினான்கு எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்திதான். உங்களுடையதை வாங்க யாராவது வந்தால் என் முகவரியையும் அவரிடம் கொடுங்கள்.