"சொன்னா அம்மா ஏசுவாங்க"

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை நான். என் வகுப்புப் பையனைத் தெருநாய்க்குட்டி கீறி ரத்தம் வந்திருக்கிறது. நாலு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. கேட்டால், "சொன்னா அம்மா ஏசுவாங்க" என்கிறான். எப்போது, எப்படிச் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது டாக்டர்?

பதில்: டீச்சர், அவனுக்கு ஊசி போட்டாயிற்றா? இல்லையென்றால் இன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். நாலு நாள் போய்விட்டதே என்று விடக் கூடாது. வெறிநாய்க்கடி நோயான ரேபிஸின் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக நடக்காத காரியம். ரத்தம் வந்த காயம் என்பதால் தடுப்பூசியோடு, கிருமியை உடனே எதிர்க்கக் காயத்தைச் சுற்றிப் போடும் சீரம் என்ற மருந்தும் தேவை.

பையன் பயந்தது நாய்க்கு அல்ல, ஏச்சுக்கு. அதனால் பாடத்தைப் பெற்றோரிடமிருந்து தொடங்குங்கள். அடிபட்டோ கடிபட்டோ வந்து சொல்லும் பிள்ளையை அன்றைக்கு ஏசக் கூடாது. "ஏன் அங்க போன?" என்று ஒருமுறை கேட்டுவிட்டால் அடுத்த காயத்தை அவன் மறைத்துவிடுவான். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று ஆச்சிமார் சொன்ன கதையும் பிள்ளைகள் வாயை அடைக்கிறது. அதெல்லாம் பழைய காலம். இப்போது கையில்தான் போடுகிறார்கள்: முதல் நாள், பிறகு 3, 7, 28-ம் நாட்கள்.

வகுப்பில் பேசுவதைவிடச் செய்துகாட்டுங்கள். பள்ளிக் குழாயடியில் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் காலைக் கழுவச் சொல்லிக் கடிகாரம் பாருங்கள். ஒரு நிமிடத்திலேயே "போதுமா டீச்சர்?" என்பார்கள். பதினைந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் உறைக்கும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக் கூடாது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

108 ஆம்புலன்ஸுக்கு எப்படிப் பேசுவது என்று வகுப்பிலேயே நடித்துப் பழக்குங்கள். "புதூர்" என்றால் போதாது, நம் ஜில்லாவில் எத்தனையோ புதூர் இருக்கிறது. எந்த ஊர்ப் பக்கம், எந்தத் தெரு, எந்தக் கோயில் அடையாளம், யாருக்கு என்ன ஆயிற்று என்று சொல்லத் தெரிய வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயம் அவசியம். தரையில் படுக்கும் வீடுகளில் கட்டுவிரியன் பாம்பு ராத்திரியில் கடித்தால் வலியோ தடமோ தெரியாமலே போகலாம். விடியற்காலையில் வயிறு வலித்து, கண் இமை தொங்கி, பேச்சுக் குழறினால் மந்திரித்துப் பார்வை பார்க்கக் கூட்டிப்போகாமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

மற்றது பையன்களுக்கு. விரையில் திடீரென்று கடும் வலி வந்தால், அது முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். வெட்கப்பட்டு "அடிவயிறு வலிக்கு" என்று மட்டும் சொல்கிறார்கள், நேரம் போய்விடுகிறது. அந்த உறுப்பின் பெயரைக் கூச்சமில்லாமல் சொல்ல, பள்ளியில் ஆண் ஆசிரியர் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள்.

கடைசியாக, அந்தப் பையனுக்கு முதல் ஊசி போட்ட தேதியைப் பூஜ்யமாக வைத்து எண்ணி, நாலு ஊசி நாட்களையும் வகுப்புக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். காயம் ஆறியதும் 28-ம் நாள் ஊசி மறந்துபோகும்.