விடிந்த பிறகு பவுல் கேட்டது

அன்புள்ள அண்ணனுக்கு,

வடசென்னை எரணாவூரில் இருக்கிறேன். அப்பா எண்ணூர் முகத்துவாரத்தில் இறால் பிடிப்பவர். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்ததிலிருந்து தொழில் பழையபடி எழவில்லை. வட்டி ஏறுகிறது. சபையில் பாஸ்டர், ‘கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்’ என்கிறார். எனக்குப் பாட வாய் வரவில்லை. என் விசுவாசத்தில் குறையா? சபை மாறலாமா? உபவாசம் இருந்தால் மனம் தேறுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

சபை மாறுவதை பஸ் வசதி பார்த்து முடிவு செய்யுங்கள். உபவாசம், உடம்பு தாங்கினால் இருங்கள். ஆனால் ‘விசுவாசத்தில் குறையா’ என்று கேட்டீர்களே, அங்கேதான் கோபம் வந்தது. உங்கள் மேல்தான். படகிலும் வலையிலும் அப்பிய எண்ணெயை மக்கிலும் வாளியிலும் அள்ளிய ஊர் உங்களுடையது. அதுவும் உங்கள் விசுவாசக் குறைவால் வந்ததா?

கொஞ்ச நாளாக நானும் அந்த வசனத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறேன். பிலிப்பியர் 4:4, பைபிளில் அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி ஊர்ச் சபைக்கு எழுதிய நிருபம். அவர் காவலில் இருந்து எழுதினார் என்று எல்லாப் பிரசங்கியாரும் சொல்வார்கள். எந்த ஊருக்கு எழுதினார் என்பதில் நிற்க மாட்டார்கள். அதே பிலிப்பியில்தான் அவரையும் கூடப் போன ஊழியர் சீலாவையும் துணியைக் கிழித்து, தடியால் அடித்து, சிறையில் போட்டு, கால்களைத் தொழுமரத்தில் மாட்டினார்கள். பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள், 16-ம் அதிகாரம். நடுராத்திரியில் பாடினார்கள், பூமி அதிர்ந்தது, கதவுகள் திறந்தன. அதோடு பிரசங்கம் முடிந்து காணிக்கைப் பை வந்துவிடும்.

அதிகாரம் முடியவில்லையே ஐயா! விடிந்ததும் அதிகாரிகள் ஆளனுப்பி, விட்டுவிடு என்கிறார்கள். பவுல் நகரவில்லை. விசாரிக்காமல் ரோமக் குடிமக்களை ஊரறிய அடித்துவிட்டு இப்போது ரகசியமாக அனுப்புவதா, அவர்களே வந்து அழைத்துப்போகட்டும் என்றார். வந்தார்கள், கெஞ்சினார்கள். ராத்திரி பாடிய அதே வாய்தான் காலையில் நியாயம் கேட்டது. பிற்பாடு அந்த நிருபத்தை வாசிக்கக் கேட்டவர்களில், அன்றைக்கு அவர் காயத்தைக் கழுவிய சிறைக்காரனும் இருந்திருக்கலாம். அவர்களுக்குச் ‘சந்தோஷமாயிருங்கள்’ என்று எழுத அவருக்குப் பாத்தியதை உண்டு. மைக் பிடித்த எல்லோருக்கும் கிடையாது. ஆபகூக் தீர்க்கதரிசி, ‘அத்திமரம் துளிர்விடாமற்போனாலும்’ கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்றதைக் காலண்டரில் அச்சடிக்கிறார்கள். அதே ஆள் முதல் அதிகாரத்தில் ‘எதுவரைக்கும் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே’ என்று சண்டை போட்டதை எந்தக் காலண்டரில் பார்த்தீர்கள்?

என் அத்தை காசிமேட்டில் கருவாடு விற்றவள். மாமா கடலுக்குப் போய்த் திரும்பாத வருஷம், வாளையைக் கீறி உப்பைத் திணித்தபடி தெரு கேட்கக் கத்துவாள்: “இன்னா ஆண்டவரே, கண்ணத் தொறந்து பாக்கவே மாட்டியா? ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்?” சபை மூப்பர் ஒருவர் வந்து, அப்படிப் பேசக் கூடாதம்மா, துதிக்கணும் என்றார். அத்தை கத்தியைக் கீழே வைக்கவில்லை. “நீ போய்யா, நான் அவராண்ட பேசிக்கினு இருக்கேன்.” அந்த டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் வந்தபோது டிரம் பையனிடம் குச்சியைப் பிடுங்கி அவளே அடித்தாள். அடியில் தாளமே இல்லை. பையன்கள் அதற்குத்தான் ஆடினார்கள். யாரும் அவளைச் சந்தோஷப்படச் சொல்லவில்லை.

வாய் வராவிட்டால் பாடாதீர்கள். எண்ணெய்க்கான இழப்பீட்டைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே, ஏன்? அப்பாவையும் ஊர்க்காரர்களையும் கூட்டிக்கொண்டு மனுவோடு போய்க் கேளுங்கள். பாஸ்டரையும் கூப்பிடுங்கள். வரத் தயங்கினால், பதினாறாம் அதிகாரத்தை 35-ம் வசனத்திலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள்.