அமெரிக்கக் கல்யாணத்தில் மணமக்களை வழியனுப்பும்போது கையடக்க ஹார்ன் அடிப்பது எப்படி? கேஸ் டப்பாவா, பேட்டரி ட்ரெயின் ஹார்னா?

கேள்வி: அமெரிக்காவில், ஊருக்கு வெளியே ஒரு பண்ணை மண்டபத்தில் நண்பரின் கல்யாண வரவேற்பு. இரவு விருந்து முடிந்து மணமக்கள் காருக்கு நடந்து போகையில் இருபுறமும் விருந்தினர் கம்பி மத்தாப்போடு நிற்பார்கள். அந்த நேரத்தில் ஹார்ன் முழக்க வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எதை வாங்குவது, யாருக்கும் காது கெடாமல் எப்படி அடிப்பது?

பதில்:

எதை வாங்குவது என்பது இரண்டாவது கேள்வி. எங்கே நின்று அடிப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மத்தாப்பு வரிசைக்குள்ளேயே நின்று அடிக்கிற மாதிரி ஒரு ஹார்ன் எந்தக் கடையிலும் கிடையாது. வரிசை முடிகிற இடத்திலிருந்து 30 மீட்டராவது தள்ளி, ஹார்னின் வாய் கூட்டத்தைப் பார்க்காமல் வெட்டவெளியைப் பார்க்கும்படி நிற்க இடம் இருக்கிறதா? இருந்தால் மேலே படியுங்கள். இல்லையென்றால் கைமணியும் விசிலும் கொடுத்துவிட்டு ஹார்னை மறந்துவிடலாம்.

ஏன் 30 மீட்டர்? வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 120 டெசிபல் தரும் சாதாரண கேஸ் ஹார்னை எடுத்துக்கொள்ளுங்கள். 2 மீட்டரில் 114, 4 மீட்டரில் 108, 8 மீட்டரில் 102, 16 மீட்டரில் 96, 32 மீட்டரில் 90. அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார நிறுவனமான நயோஷ் சொல்கிற வரம்பு 85 டெசிபலுக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம்; அதற்கு மேல் 3 டெசிபல் கூடுகிற ஒவ்வொரு தடவையும் நேரம் பாதியாகும். கணக்குப் போட்டால் 108 டெசிபலுக்கு இரண்டே கால் நிமிடம், 114-க்கு 35 விநாடி, 120-க்கு 9 விநாடி. 130 டெசிபலுக்கு ஒரு விநாடிகூட இல்லை. ஏற்கெனவே மூன்று மணி நேரம் டிஜே பாட்டு கேட்ட காதுகள் அவை என்பதால் அன்றைய கணக்கில் மிச்சம் எதுவும் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சுவர் இருந்தால் இந்தக் கணக்கு கெடும். தகரக் கொட்டகையின் முன்புறம், கார் நிறுத்தும் ஷெட், மண்டப வாசல் வளைவு இவற்றிலெல்லாம் ஒலி திரும்பி வந்து கூடுதலாக அறையும். பெட்டியில் '150 டெசிபல்' என்று போட்டிருப்பதை வைத்தும் கணக்குப் போடாதீர்கள். எத்தனை மீட்டரில் அளந்தது என்று சொல்லாத டெசிபலுக்கு அர்த்தமே இல்லை. ஒப்பிட ஓர் அளவு வேண்டுமானால், அமெரிக்காவில் நிஜ ரயில் எஞ்சினின் ஹார்ன் 100 அடி தூரத்தில் 96-க்குக் குறையாமலும் 110-ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்பது அரசு விதி.

இனி கேஸ் டப்பா ஹார்ன். படகுக் கடையிலும் விளையாட்டுச் சாமான் கடையிலும் கிடைப்பது இதுதான். மேலே ஒரு பிளாஸ்டிக் குழல், கீழே திருகு மரையில் மாட்டும் டப்பா. குழலின் பின்புறத்தில் மூடிக்குள் ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். வாயு அதைத் தூக்கி வெளியேறும், சவ்வு திரும்ப வந்து அடைக்கும். விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை இது நடப்பதுதான் அந்தச் சத்தம். சவ்வில் ஈரமோ மணலோ பட்டால் முழக்கம் வராது, கீச்சென்று ஒரு சத்தம்தான் வரும்.

டப்பாவுக்குள் இருப்பது அழுத்திய காற்று என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது திரவமாக்கிய வாயு. நீண்ட காலமாகப் புழங்கி வந்தது பல ஃபிரிட்ஜிலும் கார் ஏசியிலும் இருக்கிற ஆர்-134ஏ என்ற குளிர்விக்கும் வாயு. மலிவான சில டப்பாக்களில் புரோப்பேன், பியூட்டேன் கலவை இருக்கும். மத்தாப்பு உங்கள் நிகழ்ச்சியில் இருப்பதால் இந்த இரண்டாவது வகையைக் கையால் தொடாதீர்கள். கம்பி மத்தாப்பின் நுனி 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். டப்பாவில் தீச்சுடர் குறி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். குறி இல்லாத டப்பாவும் மத்தாப்பு வரிசைக்குப் பக்கத்தில் வேண்டாம்.

இந்த ஹார்னில் எல்லோரும் செய்கிற தவறு, நீளமாக அமுக்குவது. திரவம் ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை அந்தத் திரவத்திடமிருந்தே எடுக்கும். 225 கிராம் டப்பாவில் 20 கிராம் மடமடவென்று வெளியேறினால் உள்ளே மிச்சமிருப்பது ஏறக்குறைய 11 டிகிரி குளிர்ந்துவிடும். 20 டிகிரியில் வெளிக்காற்றைவிட 4.7 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) கூடுதலாக இருந்த அழுத்தம் 3 பாருக்கு இறங்கும். நீங்கள் கேட்பது என்ன? கணீரென்று ஆரம்பித்த ஒலி சுருதி இறங்கி, குழைந்து, கடைசியில் இளைத்த கன்றுக்குட்டி கத்துவது போல் முடியும். டப்பாவின் வெளியே ஈரம் பூத்திருக்கும். காலியாகிவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். பத்து நிமிடம் கையில் வைத்திருந்தால் மறுபடி முழங்கும்.

குளிர்காலக் கல்யாணத்துக்கும் இதே சங்கதி. 0 டிகிரியில் அழுத்தம் 1.9 பார்தான், பாதிகூடக் கிடையாது. டப்பாவை மண்டபத்துக்குள் வைத்திருந்து கடைசி நேரத்தில் கோட்டுக்குள் வைத்து எடுத்துப் போங்கள். வெந்நீரில் போடுவது, ஹீட்டர் மேல் வைப்பது எல்லாம் வேண்டாம். 50 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும். டெக்சாஸ் வெயிலில் நிற்கும் காரின் உள்பக்கம் அந்தச் சூட்டைத் தாண்டும், அதனால் காலையில் வாங்கிக் காரில் போட்டு வைக்கிற வேலையும் ஆகாது.

டப்பாவை நிமிர்த்திப் பிடியுங்கள். சாய்த்தோ தலைகீழாகவோ பிடித்தால் வாயுவுக்குப் பதில் திரவமே சவ்வுக்குப் போகும். சத்தம் நின்றுவிடும், கையில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும். ஆர்-134ஏ கொதிப்பது மைனஸ் 26 டிகிரியில். குழலை டப்பாவில் மாட்டுவதை அன்று மாலையே செய்யுங்கள், முந்தின நாள் வேண்டாம். மரை கோணலாக ஏறியிருந்தால் 'உஸ்' என்று மெல்லக் கசிந்து விடிவதற்குள் காலியாகிவிடும். கை இறுக்கம் போதும், இடுக்கி வைத்தால் பிளாஸ்டிக் மரை தேய்ந்துவிடும். மாட்டியதும் வெளியே போய் அரை விநாடி ஒரு சோதனை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆர்-134ஏ வளிமண்டலத்தைச் சூடேற்றுவதில் கரியமில வாயுவைப்போல் 1430 மடங்கு. 225 கிராம் டப்பா ஒன்றைக் காலி செய்வது 320 கிலோ கரியமில வாயுவை விடுவதற்குச் சமம். சைக்கிள் பம்பால் காற்றடித்து நிரப்பும் ஹார்ன்களும் உண்டு. அவை கேஸ் டப்பா அளவுக்கு நீடிக்காது, ஆனால் உங்களுக்கு வேண்டியது சில விநாடிகள்தானே. குளிரிலும் அழுத்தம் பெரிதாக விழாது. என் தேர்வு இதுதான்.

பேட்டரி ட்ரெயின் ஹார்ன் என்பது ட்ரில் மெஷினின் உடம்பில் சிறிய கம்ப்ரசரும் இரண்டு அல்லது நான்கு குழலும் பொருத்தியது. 18 வோல்ட் டூல் பேட்டரியில் ஓடும். தொட்டி கிடையாது, விசையை அழுத்தினால் கம்ப்ரசர் சுழன்று நேரே குழலுக்கு ஊதும். அதனால் முதல் நொடியில் மோட்டார் இரைச்சலோடு சுருதி ஏறி வரும். மெலிந்த பேட்டரியைப் போட்டால் வோல்ட் இறங்கி, ஏறிய சுருதி முழு உயரத்தைத் தொடாது. 2 ஆம்பியர்-மணி பேட்டரியைவிட 5 ஆம்பியர்-மணி பேட்டரி நல்லது, முழுசாக சார்ஜ் ஏற்றியது. தொடர்ந்து அமுக்கிப் பிடித்தால் கம்ப்ரசர் சூடாகும். இரண்டு விநாடி அடித்து, ஐந்து விநாடி விட்டு அடியுங்கள்.

ஆனால் இதில் ரயில் சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அமெரிக்க ரயில்களில் பரவலாக இருக்கும் கே5எல்ஏ ஹார்னில் ஐந்து குழல்கள். ஏறக்குறைய 311, 370, 415, 494, 622 ஹெர்ட்ஸ் சுரங்கள் சேர்ந்து ஒரு கூட்டு நாதமாக வருவதால்தான் அது தொலைவில் கேட்கும்போது மனசை ஏதோ செய்கிறது. கையடக்க ஹார்னின் குட்டைக் குழல்களில் சுருதி உயர்ந்து, நாதம் போய், கூச்சல் மட்டும் மிஞ்சும். வாங்கினால் நீளம் வேறு வேறாக இருக்கும் நான்கு குழல் வாங்குங்கள். நான்கும் ஒரே நீளமென்றால் நாலு பேர் ஒரே சுருதியில் கத்துகிற கதை. வாங்கியபின் 30 மீட்டர் தூரமும் போதாது. மூன்று மடங்கு தள்ளுங்கள். ஒரு மீட்டரில் 130 டெசிபல் என்றே வைத்தாலும் 96 மீட்டரில் 90-தான் வரும், அது தாராளமாகக் கேட்கும்.

காரில் தொட்டியோடு பொருத்தும் பெரிய ஹார்ன் ஓர் இரவுக்காகச் செய்கிற வேலை அல்ல. யாராவது பிளாஸ்டிக் பிவிசி குழாயில் காற்றுத் தொட்டி செய்து தருகிறேன் என்று வந்தால் மட்டும் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். பிவிசி அழுத்தக் காற்றில் வெடித்தால் சில்லு சில்லாகப் பறக்கும்.

அடிக்கிற விதத்துக்கு வருவோம். இதற்கு நம் கெட்டிமேளத்தைவிட நல்ல முன்மாதிரி கிடையாது. தாலி கட்டும் நேரத்தில் ஒருவர் விரலை உயர்த்தி 'கெட்டிமேளம், கெட்டிமேளம்' என்கிறார், மேளம் பொழிகிறது, நிற்கிறது. மேளக்காரர் தாமாக முடிவு செய்து அடிப்பதில்லை. இங்கேயும் விரல் உயர்த்த ஓர் ஆள் வேண்டும். 30 மீட்டர் தள்ளி இருட்டில் நிற்பவருக்கு விரல் தெரியாது, ஆகவே டார்ச் கொடுங்கள். மணமக்கள் மத்தாப்பு வரிசையைக் கடக்கும்வரை சத்தமே வேண்டாம். பதறி மத்தாப்பைக் கீழே போட்டால் புடவையிலோ கவுனிலோ விழும். இருவரும் காரில் ஏறி, கதவு மூடி, ஓட்டுநர் தலையாட்டியதும் டார்ச் மூன்று தடவை மின்ன வேண்டும். அப்போது ஹார்ன். கார் ஓடும்போது ஓட்டுநரின் பக்கத்தில் அடிக்கவே கூடாது. குதிரை வண்டி ஏற்பாடு செய்திருந்தால் ஹார்ன் கிடையாது, இதில் பேச்சே இல்லை.

தாளம் வேண்டுமென்றால் அமெரிக்க எஞ்சின் ஓட்டுநர் ரோடு கிராசிங்கில் அடிக்கும் முறை எல்லோருக்கும் தெரிந்தது: நெடில், நெடில், குறில், நெடில். ஒவ்வொரு நெடிலும் ஒன்றரை விநாடி, குறில் அரை விநாடி, நடுவில் ஒரு விநாடி இடைவெளி. மொத்தம் எட்டு விநாடி. பக்கத்தில் நிஜத் தண்டவாளம் இருந்தால் இந்த முறையை அடிக்காதீர்கள்.

மணமக்கள் ஏரிக்கரையிலிருந்து படகில் கிளம்புகிறார்களா? அப்படியென்றால் கவனம். ஐந்தோ அதற்கு மேலோ குறுகிய ஒலிகளை அடுத்தடுத்து அடித்தால் படகோட்டிகளுக்கு அது ஆபத்து எச்சரிக்கை. 4 முதல் 6 விநாடிவரை ஒரே ஒரு நெடிய ஒலி, அமெரிக்க உள்நாட்டு நீர்வழி விதிப்படி மோட்டார் படகு துறையைவிட்டுக் கிளம்புகிறது என்பதற்கான அடையாளம். பொருத்தமாக அமைந்ததே, அதை மட்டும் படகோட்டியே அடிக்கட்டும்.

வாசலில் ஒரு கூடையில் ஸ்பாஞ்சு காதடைப்பான் வையுங்கள், ஆளுக்கு ஒரு ஜோடி. சும்மா காதில் செருகினால் பயன் பாதிதான். விரலால் உருட்டி ஊசிபோல் மெலிதாக்கி, மறுகையால் காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட்டு, விரியும்வரை 20, 30 விநாடி பிடித்திருக்க வேண்டும். பெட்டியில் 33 டெசிபல் குறைக்கும் என்று இருந்தால், 7-ஐக் கழித்து இரண்டால் வகுத்து 13 என்று எடுத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைகளுக்கு இது ஆகாது. காதை மூடும் மஃப் போடுங்கள், அல்லது மண்டபத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீடியோக்காரரிடமும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். மாப்பிள்ளையின் சட்டை மைக்கில் ஒலி உடைந்துவிடும், அவர் இன்னொரு தடத்தில் 20 டெசிபல் குறைத்துப் பதிவு செய்துகொள்வார்.

அனுமதி விஷயத்தில் நாடு முழுவதற்கும் ஒரே விதி கிடையாது, நகரத்துக்கு நகரம் மாறும். மண்டப ஒப்பந்தத்தில் 'வெளியில் ஒலி இரவு 10 மணிவரை' என்பது போன்ற வரி இருக்கும். அதைத் தேடிப் படியுங்கள். ஆடு மாடு வைத்திருக்கும் பக்கத்துப் பண்ணைக்காரரிடம் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். கார் ஹார்னையே அடித்துக்கொண்டு ஊர்வலம் போகலாமே என்றால், கலிபோர்னியாவில் எச்சரிப்பதற்குத் தவிர வேறு எதற்கும் கார் ஹார்ன் அடிக்கச் சட்டம் இடம் தரவில்லை.

இந்தியாவிலிருந்து வாங்கிப் போகலாம் என்று நினைக்க வேண்டாம், கேஸ் டப்பா ஹார்னை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அங்கேயே வாங்குங்கள்.

முழக்கம் முடிந்து காரின் பின்விளக்கு மறைந்ததும் பேட்டரியைக் கழற்றி ஒருவர் பையில் போட்டுக்கொள்ளட்டும், கேஸ் ஹார்ன் என்றால் குழலைத் திருகி எடுத்துவிடுங்கள். மேசையில் விட்டால் விருந்தில் ரெண்டு ரவுண்டு போட்ட ஒரு சித்தப்பா கண்ணில் அது படாமல் இருக்காது.