லாரி என்ஜினின் ஆயில் சம்பைக் கழற்றி மாட்டிய பிறகும் எண்ணெய் கசிவது ஏன்?

கேஸ்கெட்டை (இரு பரப்புகளுக்கு நடுவில் கசிவைத் தடுக்க வைக்கும் அடைப்பு) புதிதாகப் போட்டும், என்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான சம்பின் ஓரத்தில் எண்ணெய் சொட்டுவதாகவும், சம்பையே மாற்றிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மாற்றலாம், ஆனால் கசிவு அங்கிருந்துதான் வருகிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். என்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவர், டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பி வரும் ஆயில் ரிட்டர்ன் குழாய், என்ஜினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல் ஆகியவற்றுள் எது ஒழுகினாலும், எண்ணெய் வழிந்து இறங்கிச் சம்பின் விளிம்பில்தான் சொட்டாக நிற்கும். என்ஜினைக் கழுவித் துடைத்து, சற்று நேரம் ஓடவிட்டு, நிறுத்திய பின் டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பார்த்தால் ஈரம் தொடங்கும் இடம் தெரிந்துவிடும்.

சம்ப்தான் காரணம் என்றால், வண்டியைச் சமதளத்தில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பேட்டரி இணைப்பைப் பிரித்து, என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது எண்ணெயை வடித்துவிடுங்கள். பெரிய டீசல் என்ஜின்களில் 30 லிட்டருக்கு மேலும் இருக்கும் என்பதால் பாத்திரம் போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன் ஆக்சிலோ குறுக்குச் சட்டமோ தடுத்தால் மவுண்டிங் போல்ட்டுகளைத் தளர்த்தி என்ஜினைச் சற்றுத் தூக்க வேண்டியிருக்கும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்க வேண்டாம்.

வேலையின் உயிர்நாடி இதற்குப் பிறகுதான் இருக்கிறது. ஒட்டிக்கொண்ட சம்பை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் அலுமினியப் பரப்பில் கீறல் விழும். எத்தனை கேஸ்கெட் மாற்றினாலும் எண்ணெய் அந்தக் கீறல் வழியாகவே வரும். ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டித் தளர்த்துங்கள். தகரச் சம்பாக இருந்தால், முன்பு அளவுக்கு மீறி முறுக்கியதால் போல்ட் துளைகளைச் சுற்றி விளிம்பு மேல்நோக்கிப் புடைத்திருக்கும். அதைத் தட்டிச் சமன்செய்து, நேரான இரும்பு அளவுகோலை வைத்து வெளிச்சம் ஊடுருவுகிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் சம்ப் இப்படித்தான் இருக்கும் என்பது என் ஊகம். அப்படியானால் புதுச் சம்ப் வாங்கத் தேவையே இருக்காது.

சம்ப் இறங்கியிருக்கும்போதே எண்ணெயை வடிகட்டும் ஆயில் ஸ்ட்ரெய்னரையும் பாருங்கள். வலையில் செம்பு நிறத்தில் மின்னும் துகள்கள் இருந்தால் பேரிங் தேய்கிறது என்று பொருள். அதைக் கவனிக்காமல் மூடுவது வீண்.

இரு பரப்புகளிலும் துளி எண்ணெய்கூட இல்லாதபடி துடைத்து, போல்ட் துளைகளுக்குள் தேங்கிய எண்ணெயையும் காற்றடித்து வெளியேற்றுங்கள். அது உள்ளே இருந்தால், முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பேனரான டார்க் ரெஞ்ச் பொய்யான முறுக்கு அளவைக் காட்டும். முன்பக்கக் கவரும் பின்பக்க சீல் ஹவுசிங்கும் என்ஜினின் உடற்பகுதியான பிளாக்குடன் சேரும் மூலைகளில் மட்டும் சீலன்டை (கசிவை அடைக்கும் பசை) சிறிதளவு தடவினால் பெரும்பாலும் போதும். சுற்றிலும் அள்ளிப் பூசும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை; உள்ளே பிதுங்கியது உதிர்ந்து ஸ்ட்ரெய்னரை அடைத்துவிடும். போல்ட்டுகளை முதலில் கையால் ஓட்டி, பிறகு நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி, இரண்டு மூன்று சுற்றுகளாக, கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். சீலன்ட் இறுகுவதற்கு அதன் உறையில் போட்டிருக்கும் நேரம் கழிந்த பிறகே எண்ணெய் ஊற்ற வேண்டும். கார்க் கேஸ்கெட் சூடேறி ஆறிய பின் சற்றுத் தளரும் என்பதால் போல்ட்டுகளின் இறுக்கத்தை ஒருமுறை சரிபார்க்கலாம். உலோக வளையம் பதித்த ரப்பர் கேஸ்கெட்டாக இருந்தால் போல்ட்டுகளை மறுபடி முறுக்கக் கூடாது.