குரோஷா குமிழ் முன்பக்கம் எழும்பி நிற்க

கேள்வி: குரோஷா எனும் கொக்கி ஊசிப் பின்னலில் சிங்கிள் (குட்டையான கண்ணி), டபுள் (உயரமான கண்ணி) இரண்டும் எனக்கு நன்றாக வருகின்றன. பேத்தியின் போர்வைக்காக ஆங்கிலக் குறிப்பு ஒன்றைப் பார்த்து பாபிள் எனப்படும் குமிழ்ப் பின்னலைத் தொடங்கினேன். சில குமிழ்கள் பின்பக்கம் போய்விடுகின்றன. மற்றவை தட்டையாகப் படுத்துவிடுகின்றன. ஓரமும் வரவர ஒடுங்குகிறது. என்ன செய்வது?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: மூன்றும் சரிசெய்யக்கூடியவையே. குமிழ் எப்போதும் பின்னுகிறவரை விட்டு விலகி மறுபக்கமாகத்தான் தள்ளும்; ஆகவே அதைத் துணியின் பின்பக்கம் உங்களை நோக்கியிருக்கும் வரிசையில் மட்டுமே போட வேண்டும். முன்பக்க வரிசைகள் முழுவதும் சிங்கிளாக இருக்கட்டும்.

தட்டையாவதற்குக் காரணம் பெரும்பாலும் பக்கத்துக் கண்ணிகளின் உயரம். உயரமான குமிழை இருபுறமும் குட்டையான சிங்கிள் இறுக்கிப் பிடிப்பதால்தான் அது வளைந்து வெளியே புடைக்கிறது. பக்கத்திலும் டபுள் போட்டால் அதற்குப் புடைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. உங்கள் குறிப்பு எந்த நாட்டு முறையில் எழுதப்பட்டது என்பதை அவசியம் பாருங்கள். அமெரிக்க முறையின் சிங்கிளைத்தான் பிரிட்டிஷ் முறையில் டபுள் என்கிறார்கள். அமெரிக்க டபுள் அவர்களுக்கு ட்ரெபிள். குறிப்பில் சிங்கிள் என்ற பெயர் எங்கேனும் வந்தால் அது அமெரிக்க முறை. நான் கீழே சொல்வதும் அம்முறையே.

போர்வையைச் சற்று ஒதுக்கிவைத்து, ஒரு சிறு மாதிரித் துண்டு பின்னிப் பாருங்கள். 18 சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி 17 சிங்கிள் போடுங்கள், இது முன்பக்கம். திருப்பி, ஒரு சங்கிலி ஏற்றி, 2 சிங்கிள், பிறகு ஒரு குமிழும் 3 சிங்கிளுமாக மூன்று முறை, கடைசியில் ஒரு குமிழ், 2 சிங்கிள். அடுத்த வரிசை முழுவதும் சிங்கிள். அதற்கடுத்த குமிழ் வரிசையை 4 சிங்கிளுடன் தொடங்கி 4 சிங்கிளுடன் முடித்தால், நடுவில் மூன்று குமிழ்கள் முந்தைய குமிழ்களின் இடைவெளிகளுக்கு மேலே அமையும்.

குமிழ் போடும்போது, ஊசியில் நூலைச் சுற்றிக் கண்ணிக்குள் நுழைத்து ஒரு வளையத்தை இழுத்து, மீண்டும் நூலைச் சுற்றி இரண்டு வளையங்கள் வழியாக மட்டும் இழுத்து நிறுத்துங்கள். அதே கண்ணியில் இதை மொத்தம் ஐந்து முறை செய்தால் ஊசியில் ஆறு வளையங்கள் சேரும். நூலைச் சுற்றி ஆறின் வழியாகவும் ஒரே இழுப்பில் இழுத்துவிட்டு, அடுத்த சிங்கிளை இறுக்கமாகப் போடுங்கள். ஆறு வளையங்களுக்குள் ஊசி சிக்கினால், பின்னும்போதே அவற்றைச் சற்றுத் தளர்வாக விடுவது நல்லது.

ஐந்து கால்கள் இருந்தாலும் குமிழ் எண்ணிக்கையில் ஒரே கண்ணிதான். திரும்பி வரும்போது அதன் சிறிய தலையைக் கவனிக்காமல் தாண்டிவிட்டால், ஒவ்வொரு குமிழுக்கும் ஒரு கண்ணி குறையும். ஓரம் ஒடுங்குவது அதனால்தான். கை பழகும்வரை குமிழின் தலையில் ஒரு வண்ண நூலைக் கட்டி அடையாளம் வைத்துக்கொண்டு, வரிசைக்கு வரிசை 17 வருகிறதா என்று எண்ணுங்கள். இந்தப் பின்னலுக்கு நூல் கூடுதலாகச் செலவாகும் என்பதால், போர்வைக்கு ஒரே சாயத் தொகுதி நூலை, அதாவது ஒரே தடவையில் சாயமேற்றிய நூலை, முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது.

கேள்வி: பாப்கார்ன் பின்னலும் இதுவும் ஒன்றா?
– வாசகி, ஈரோடு

பதில்: இல்லை. பாப்கார்னில் ஒரே கண்ணியில் ஐந்து டபுள்களையும் முழுமையாக முடித்து, ஊசியைக் கழற்றி, முதல் டபுளின் தலையில் நுழைத்து, விட்டுவந்த வளையத்தை அதன் வழியாக இழுக்க வேண்டும். அது இன்னும் கூடுதலாகப் புடைக்கும், ஆனால் பின்புறம் குழிவாக இருக்கும். குழந்தையின் போர்வைக்கு நான் பாபிளையே தேர்ந்தெடுப்பேன். இரண்டையும் இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்க்காதீர்கள். ஈரப்படுத்தி, சமதளத்தில் விரித்து, ஓரங்களில் குண்டூசி குத்திக் காயவிடுங்கள்.