ஏஆர் பொருள்களை வெறும் விளம்பரமாகவே காட்டினால் அலுக்கத்தான் செய்யும்

"ஷேடோரன் ஆட்டத்தில் ஏஆர் பொருள்களை எவ்வளவு வர்ணித்தாலும் ஆட்டக்காரர்கள் கண்டுகொள்வதில்லை" என்று எழுதியிருந்தீர்கள். (ஷேடோரன் என்பது எதிர்கால உலகில் நடக்கும், பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர ஆட்டம்; ஏஆர் என்றால் நிஜக் காட்சியின் மேல் மிதந்து தெரியும் கணினிப் படங்கள்.) எனக்கும் அதே கதைதான் நடந்தது. 2005-இல் வந்த நான்காம் பதிப்பு வயர்லெஸ் மேட்ரிக்ஸை, அதாவது அந்த உலகின் கம்பியில்லாக் கணினி வலையமைப்பைக் கொண்டுவந்ததும், நான் நடத்திய ஆட்டத்தில் சியாட்டில் நகரம் முழுக்க மிதக்கும் நியான் பலகைகளாக நிரப்பினேன். ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஏஆரில் சுவை எங்கே என்றால், எல்லார் கண்ணுக்கும் ஒரே காட்சி தெரியாது என்பதில்தான். நான் இப்போது ஏஆரில் தெரிவதை மஞ்சள் ஒட்டுத்தாள்களில் எழுதி, ஏஆரை இயக்கி வைத்திருப்பவருக்கு மட்டும் கொடுக்கிறேன். போன வாரம் ஒருவருக்குக் கிடைத்த தாளில், "இந்தக் கதவுக்குப் பின்னால் நாய்" என்று கும்பல் கிறுக்கிய எச்சரிக்கை. ஏஆரை அணைத்து வைத்திருந்த சாமுராய் (சண்டை போடும் பாத்திரம்) நேராகக் கதவை உதைத்தான். அப்புறம் என்ன, ஒரே ரகளை!

ஹேக்கருக்கும் வேலை கொடுங்கள். லிஃப்ட் முன்னால் "பழுது" என்று போலி ஏஆர் பலகை தொங்கவிட்டால் காவலாளி படிக்கட்டுப் பக்கம் போவான். ஆனால் அவன் ஏஆர் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் குட்டு உடைந்துவிடும். பகடையை அதற்கு உருட்டச் சொல்லுங்கள். தெருவிளம்பர வர்ணனைக்கு ஒரு வரி போதும், சார்.